ஊட்டிக்கு எடுத்து வைத்த கொள்ளு

தம்பிக்கு, அம்மா எழுதுவது.

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். போன வாரம் போனில் நீ பேசியது மொத்தமே இவ்வளவுதான்: "தெவசத்த சித்தப்பா பையன வெச்சுப் பண்ணிருங்கம்மா. என்னால வர முடியாது. வெச்சர்றேன்." நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போனை நீ வைத்துவிட்டால் நான் சொல்ல வந்தது என் வாயிலேயே நின்றுவிடுகிறது. கடிதத்தைப் பாதியில் மூடினாலும் மிச்சம் உள்ளேயே இருக்கும். என்றைக்காவது பிரித்துத்தான் ஆக வேண்டும். அங்கன்வாடியில் ஓரிடத்தில் நிற்காத பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொல்லியே வயசானவள் நான். உன்னையும் கொஞ்ச நேரம் உட்காரவைக்க என்னால் முடியும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கப்பா செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஊட்டியில் குதிரை உதைத்து, அந்த அடியில் செத்தார். ஊரில் யாரும் இதை நேராகச் சொல்வதில்லை. "டூர் போன எடத்துல அடிபட்டுருச்சாமா" என்று இழுக்கிறார்கள். குதிரை என்று சொன்னால் எங்கே சிரிப்பு வந்துவிடுமோ என்று அவர்களுக்குப் பயம். நல்லம்பள்ளிப் பக்கம் தக்காளி போட்டு, எருது ஓட்டிப் பிழைத்த மனுஷன் குதிரை உதைத்துச் செத்தான் என்றால், கேட்கிறவனுக்கு முதலில் உதட்டோரம் துடிக்கத்தான் செய்யும். நான் நேராகவே சொல்லிப் பழகிக்கொண்டேன். அவருக்கு நீ ஒரே பிள்ளை. முதல் வருஷத் திதி கொடுக்க நீ வர மாட்டேன் என்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். நீ வர வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கெஞ்சப்போவதில்லை. நடந்ததை ஒரு முறை வரிசையாகச் சொல்லப்போகிறேன். இத்தனை நாளில் நீயும் நானும் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை.

நம் வீட்டுக்குக் 'குதிரைக்கார வூடு' என்று பேர் வந்தது உன்னால்தான். நீ பள்ளிக்கூடம் சேராத வயசு. ஊரில் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து வேன் வைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனோம். எல்லோரும் படகுக்கு வரிசையில் நிற்கிறார்கள், நீ மட்டும் ஏரிக்கரையில் நின்ற குதிரையைப் பார்த்துவிட்டு நகர மாட்டேன் என்று மண்ணில் புரண்டாய். சந்தையில் ஒரு கூடை தக்காளிக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசுகிற உங்கப்பா, அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் உன்னைத் தூக்கிக் குதிரைமேல் வைத்தார். உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார். அடுத்த வருஷம் அவரே ஏறினார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு. அதற்கடுத்த வருஷம் அப்பனும் மகனுமாகச் சேர்ந்து என்னையும் ஏற்றிவிட்டீர்கள். அன்று நான் போட்ட கத்தலில் படகில் போனவர்கள் எல்லாம் துடுப்பை விட்டுவிட்டுக் கரையைப் பார்த்தார்கள். அப்புறம் வருஷம் தவறாமல் கோடை உழவு முடிந்ததும் ஊட்டி என்று ஆகிவிட்டது. லீவு விட்டால் ஊரார் ஒகேனக்கல் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்து மீன் தின்றுவிட்டு வருவார்கள். "தண்ணி எங்க போனாலும் தண்ணிதான். குதிர அங்கதானே இருக்குது" என்பார் உங்கப்பா. பூங்கா பார்க்க மாட்டார், கடைத்தெரு பார்க்க மாட்டார். விடியக்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி, டீ குடித்து, நேராக ஏரிக்கரை. ஆளுக்கு ஒரு சுற்று. மத்தியானம் பஸ் ஏறிவிடுவோம். இதற்குப் பேர் டூரா என்று என் தங்கச்சி இன்னும் கேட்கிறாள்.

அந்தக் கொள்ளுக் கதையையும் சொல்ல வேண்டும். தை மாதம் காட்டில் கொள்ளு அடித்துத் தூற்றினதும் முதல் படியை எடுத்து ஒரு பானையில் போட்டு, துணியால் வாய் கட்டிவிடுவார். அது ஊட்டிக்கு. ஒரு முறை விருந்தாளி வந்த அவசரத்தில் நான் அந்தப் பானையில் கைவைத்து ரசம் வைத்துவிட்டேன். மனுஷன் அன்று ரசத்தைத் தொடவே இல்லை, மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். கிளம்புகிற அன்று அதை வேகவைத்துத் தூக்குப்போசியில் அடைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். பஸ் பூராவும் கொள்ளு வாசம். கண்டக்டர் ஒருத்தர் சாப்பாடு என்று நினைத்து எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டதை நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். குதிரைக்காரர் பஷீர் நம்மைத் தூரத்தில் பார்த்ததுமே சிரித்துக்கொண்டு வருவார். "அண்ணே, ஊட்டிக்கு வர்றவங்க குதிரைக்குக் கேரட்டு வாங்கிக் குடுப்பாங்க. கொள்ள வேகவெச்சு பஸ்சுல கொண்டாறது நீங்க ஒருத்தர்தானுங்க" என்பார். கடைசிச் சில வருஷங்களாக அவரிடம் இருந்தது ஒரு செம்பழுப்புப் பெட்டைக் குதிரை. அதற்கு அவர் வைத்த பேர் வேறு. உங்கப்பா அதைச் செவலை என்றுதான் கூப்பிடுவார். நம் வீட்டு எருதுக்கும் அதுதான் பேர்.

மழை பொய்த்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். கிணறு வற்றி, தக்காளிச் செடி நின்ற இடத்திலேயே கருகிப்போன வருஷம். ஊட்டி கிடையாது என்றதும் நீ மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாய். உங்கப்பா எருதுமேல் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் உன்னை உட்காரவைத்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு காட்டைச் சுற்றி வந்தார். வழியில் போனவர்கள் எல்லாம் நின்று சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அன்று எருதைக் குதிரையாக்கினார். கடைசியில் குதிரையை எருது என்று நினைத்துவிட்டார். இந்த ஒரு வருஷமாக இதைத்தான் நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ அஞ்சாவது படிக்கையில் குதிரையிலிருந்து விழுந்தாய். பக்கத்தில் பலூன் வெடித்து, குதிரை மிரண்டு, நீ சரிந்து விழுந்தாய். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். உங்கப்பா உன்னைக் கீழே உட்காரவைத்து, "எங்க நோவுது, காட்டு. இங்கயா? இங்கயா?" என்று உச்சந்தலையிலிருந்து பாதம் வரைக்கும் அழுத்திப் பார்த்தார். நீ இல்லை இல்லை என்கிறாய், அவர் விடவில்லை. தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி டாக்டர் வீட்டைத் தேடிப் போனார். ஒரு சிராய்ப்புக்கு டாக்டர் மருந்து தடவி அனுப்புவதற்குள் நாம் வர வேண்டிய பஸ் போய்விட்டது. திரும்பி வந்து அந்தக் குதிரைக்கு மிச்சம் இருந்த கொள்ளையும் போட்டார். "அது பயந்துருச்சு, பாவம்" என்றார். குதிரைக்குப் பாவம் பார்க்கத் தெரியும், பிள்ளைக்குப் பாவம் பார்க்கத் தெரியும். தனக்கு என்று வரும்போது மட்டும் அந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கோபம் அவர்மேல்தான். செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். நான் படுவேன். அவரோடு குடும்பம் நடத்தினவள் நான்.

இப்போது போன வருஷத்துக்கு வருகிறேன். நீ புதுசாகக் கார் வாங்கியிருந்தாய். பஸ் வேண்டாம், இந்த முறை காரில் போகலாம் என்று ஓசூரிலிருந்து பிரியாவையும் யாழினியையும் அழைத்துக்கொண்டு குடும்பமாக வந்தாய். யாழினிக்கு முதல் குதிரை. உங்கப்பாவுக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. பேத்தி குதிரை ஏறப்போகிறாள் என்று டீக்கடையில்கூடச் சொல்லிவிட்டு வந்தார். ஏரிக்கரையில் செவலை கொள்ளு தின்று முடித்ததும் குழந்தையை ஏற்றினோம். பஷீர் ஒரு பக்கம் குனிந்து அவள் காலுக்கு வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். குதிரை நின்றது. அது நிற்கத்தானே வேண்டும், வார் இன்னும் கட்டி முடியவில்லை. யாழினி, "குதிர போவவே மாட்டேங்குது" என்று சிணுங்கினாள். நீ முன்னால் நின்று செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாய். "அப்பா, சும்மா நிக்குது பாருங்க, பின்னாடி ஒரு தட்டுத் தட்டுங்கப்பா" என்றாய்.

ஆமாம், சொன்னாய். நானும் பக்கத்தில்தானே நின்றேன். நான் கேட்கவில்லை என்று இத்தனை நாளாக நீ நினைத்திருந்தால், கேட்டேன் என்று இப்போது தெரிந்துகொள்.

அவர் பின்னால் போனார். வாழ்நாள் பூராவும் எருதோடு கிடந்தவர். எருதுக்குக் கொம்புதான் பயம், அதனால் முன்னால் நிற்கக் கூடாது. எருது உதைத்தால் பக்கவாட்டில் வீசும். நேர் பின்னால் நிற்கிறவனுக்கு அவ்வளவாகப் படாது. நகராத எருதை நேர் பின்னால் நின்று முதுகில் தட்டி, வாலை முறுக்கித்தான் நகர்த்துவார்கள். அவர் கைக்கு அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. "ஹை, செவல" என்று சொல்லிப் பட்டென்று தட்டினார். பஷீர் தலை நிமிர்ந்து, "அண்ணே, பின்னாடி போகாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆகிவிட்டது. குதிரை நேர் பின்னால்தான் உதைக்கும். லாடம் அடித்த குளம்பு. அடிவயிற்றில். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

அப்புறம் எழுந்து சிரித்தாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வேட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, உன் வீடியோவைப் பார்த்து, "மாடு ஒதைக்காத வூடாடா நம்முளுது" என்றார். பஷீர் முகம் செத்துப்போய் வந்து, "அண்ணே, இது மாட்டு ஒத மாதிரி இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார். "புள்ள மொதல்ல சுத்து முடிக்கட்டும்" என்றார் இவர். யாழினி சுற்று போனாள். அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கூடவே நடந்தார், உனக்கு நடந்த மாதிரியே. வயிற்றுக்குள் கிழிந்துவிட்ட குடலோடு அந்தச் சுற்று முழுக்க நடந்து முடித்தார்.

திரும்பும் வழியில் மேட்டுப்பாளையத்தில் சாப்பாடு வேண்டாம் என்றார். சேலம் தாண்டும்போது நீ கேட்டாய், ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுப் போகலாமா என்று. "ஒண்ணுமில்ல, கொஞ்சம் கனமா இருக்குது. காருல ஒக்காந்து வந்தது ஒத்துக்கல" என்றார். தொப்பூர்க் கணவாயில் நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தார். நீ மறுபடியும் கேட்டாய். "வூட்டுக்குப் போடா. புள்ள தூங்குது, எழுப்பாத" என்று அதட்டினார். நீ வீட்டுக்கு வந்தாய். அவரை இறக்கிவிட்டு, மறுநாள் வேலை என்று ஓசூருக்குக் கிளம்பினாய். நான் விளக்கெண்ணெயைச் சுடவைத்து வயிற்றில் தடவினேன். நம் வீட்டில் மாடு உதைத்தால் அதுதான் வைத்தியம், என் மாமியார் காலத்திலிருந்து. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் கட்டுத்தறியிலேயே விழுந்துவிட்டார். தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நீ ஓசூரிலிருந்து வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. "நேத்தே வந்திருந்தா பாத்திருக்கலாம்மா" என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நீ தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

சாவு வீட்டில் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். உன் அத்தைக்குக் குதிரையின்மேல் கோபம். சித்தப்பாவுக்கு ஊட்டியின்மேல் கோபம். "காட்டுல கெடக்கறவனுக்கு எதுக்குக் குதுர சவாரி" என்று நம் வாசலிலேயே உட்கார்ந்து, நம் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார். உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஓம்மேல ஒண்ணுமில்லடா, விதி" என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். பிரியாவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், உன் கம்பெனி நண்பர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஏதாவது ஆனதா? ஒன்றும் ஆகவில்லை. அந்த வீடியோவை நீ இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாய், பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறாய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாலும் சத்தம் வெளியே கேட்கிறது என்று பிரியா அழுதாள். "பின்னாடி ஒரு தட்டுத் தட்டுங்கப்பா" என்கிற உன் குரல்தான் அடிக்கடி கேட்கிறதாம்.

உன்மேல் ஒன்றுமில்லை என்று நான் எழுத மாட்டேன் தம்பி. நீ சொன்னாய், அவர் தட்டினார். நீ சொல்லாவிட்டாலும் தட்டியிருப்பாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தட்டியிருக்க மாட்டார் என்றும் சொல்ல முடியாது, தட்டியிருப்பார் என்றும் சத்தியம் பண்ண முடியாது. பொய் சொல்லி உன்னைத் தேற்ற எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் ஊரில் கையகல நிலம் என்றாலும் எத்தனை பங்காளி வந்து நிற்பான் என்று உனக்குத் தெரியும். இந்தச் சாவை மட்டும் நீ ஒருவனே எப்படி உன் பேருக்கு எழுதிக்கொண்டாய்? தட்டினது அவர் கை. வலியை மறைத்தது அவர் வாய். பிள்ளைகளின் ஒரு நாள் சந்தோஷம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கணவாய் ஏறினது அவர் பிடிவாதம். எண்ணெய் தடவிப் படுக்கவைத்தது நான். வாந்தி எடுத்த மனுஷன் அதட்டினால் அதட்டட்டும் என்று சேலத்துக்கே காரைத் திருப்பச் சொல்ல நான் ஒருத்தி பின்சீட்டில் இல்லையா? இதில் எனக்கு உள்ளது எனக்கு வேண்டும். அதை நான் என் வழியில் சுமந்துகொள்வேன். அவருக்கு உள்ளதை அவருக்கே கொடு, அவர் பெரிய மனுஷன், அவருக்கு அந்த மரியாதையாவது மிச்சம் இருக்கட்டும். உனக்கு உள்ளது மட்டும் உன்னிடம் இருக்கட்டும். அது குறைவு என்று நான் சொல்லவில்லை. அது முழுவதும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை அம்மா சொன்னதாக வைத்துக்கொள். உனக்கு வலித்தால் வலிக்கிறது என்று சொல். உங்கப்பாவிடமிருந்து நீ எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. உதை வாங்கிவிட்டு மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து ஒன்றுமில்லை என்று சொல்கிற அந்தப் பழக்கம் நம் வீட்டில் ஒருத்தரைக் கொன்றுவிட்டது. நீயும் இப்போது அதைத்தான் செய்கிறாய். வேலை அதிகம் என்கிறாய், தூக்கம் சரியில்லை என்கிறாய், பணம் போட்டுவிடுகிறேன் என்கிறாய். இதெல்லாம் 'கொஞ்சம் கனமா இருக்குது' என்கிற பேச்சுதான்.

இந்தத் தை மாதமும் கொள்ளு அடித்தோம். ஆள் வைத்துத்தான் அடித்தேன். தூற்றி முடித்ததும் என் கை தானாகப் போய் முதல் படியை அளந்து பானையில் கொட்டிவிட்டது. துணி கட்டும்போதுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. அவிழ்க்கவும் மனசில்லை. அது அப்படியே இருக்கிறது. ரசம் வைக்கவும் முடியாது, விதைக்கவும் முடியாது. அந்தச் செவலை இன்னும் ஏரிக்கரையில் யார் வீட்டுப் பிள்ளையையோ சுமந்துகொண்டிருக்கும். அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பின்னால் ஒரு கை பட்டது, பயந்தது, உதைத்தது. பஷீருக்கு இவர் செத்தது தெரியாது. யார் போய்ச் சொன்னோம்? இந்த மே மாதமும் அவர் நம்மை எதிர்பார்ப்பார். அந்தப் பானையை என்ன செய்வது என்று நீ வந்து சொல். என் ஒருத்தியால் முடிவு பண்ண முடியவில்லை.

இதோடு முடித்திருப்பேன். முந்தாநாள்வரை இவ்வளவுதான் எழுத நினைத்திருந்தேன். முந்தாநாள் சாயங்காலம் பிரியா குளிக்கப் போன நேரத்தில் அவள் போனிலிருந்து யாழினி என்னைக் கூப்பிட்டாள். குசுகுசுவென்று பேசினாள். நான் என்னமோ விளையாட்டு என்று நினைத்தேன்.

"ஆயா, நான் குண்டா?"

"யாரு சொன்னா? நீ வத்தக்குச்சி கண்ணு" என்றேன்.

"நான் கனமா இருந்ததாலதான் அன்னைக்கிக் குதிர நடக்கல. அதனாலதான் தாத்தா தட்டுனாரு."

நான் இல்லை என்றேன். வார் கட்டி முடியவில்லை, அதனால்தான் குதிரை நின்றது என்றேன். உன் கனத்தில் அந்தக் குதிரைக்கு ஒரு ஈ உட்கார்ந்தது போலக்கூடத் தெரிந்திருக்காது என்றேன். அங்கன்வாடியில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பொய்யும் உண்மையும் கலந்து சொல்லியிருப்பேன், இதை மட்டும் எத்தனை விதமாகச் சொன்னாலும் அவள் நம்பவில்லை. என்னையே திருப்பிக் கேட்டாள்:

"அப்புறம் ஏன் அப்பா இப்ப என்னெத் தூக்கறதே இல்ல? நான் கனம், அதான். நான் இப்பச் சோறு கம்மியாத்தான் திங்கறேன் ஆயா."

அப்புறம் பிரியாவிடம் கேட்டேன். ஆமாம் அத்தை, தட்டில் பாதிக்குமேல் மிச்சம் வைக்கிறாள், கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள், டாக்டரிடம் காட்டலாம் என்று இருக்கிறேன் என்றாள். நீ இவளைத் தூக்குகிறாயா என்று கேட்டதற்கு யோசித்துவிட்டு, ஊட்டியிலிருந்து வந்ததற்கப்புறம் தூக்கிப் பார்த்த ஞாபகம் இல்லை என்றாள்.

பார்த்தாயா தம்பி. முழுவதையும் நீ ஒருவனே எடுத்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரியாமல் உன் மகள் அதில் கைவைத்துவிட்டாள். நீ பேசாமல் இருந்ததால் வீட்டில் மிச்சம் இருந்த ஒரே பதிலை அவள் எடுத்துக்கொண்டாள். அவளும் யாரிடமும் வலிக்கிறது என்று சொல்லவில்லை, சோற்றைக் குறைத்துக்கொண்டாள். அவள் நம் வீட்டுப் பிள்ளை, சந்தேகமே இல்லை. எனக்கு அன்று வயிறு எரிந்த எரிச்சல் உங்கப்பா செத்த அன்றுகூட இல்லை. அவர் போனதை என்னால் தாங்க முடிந்தது. இதைத் தாங்க மாட்டேன்.

நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். நீ சொன்னாலும் நம்ப மாட்டாள். வார்த்தை எல்லாம் அவளுக்குச் செல்லாது, நம் வீட்டில் யாருக்கும் செல்லாது. நீ அவளைத் தூக்க வேண்டும். தினமும் தூக்க வேண்டும். கனக்கவில்லை என்று அவளுக்கே தெரிகிற வரைக்கும் இறக்கிவிடக் கூடாது.

திதிக்கு வா. ஐயருக்குச் சொல்லிவிட்டேன், சித்தப்பா பையனுக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். நீ வராவிட்டால் எள்ளும் தண்ணீரும் விட ஆள் கிடையாது. அது உங்கப்பாவுக்கும் உனக்கும் உள்ள கணக்கு, அதில் நான் தலையிடவில்லை. வீடியோவை அழிக்கச் சொல்லவில்லை, அழுவதை நிறுத்தச் சொல்லவில்லை. கார் வாசலில் வந்து நின்றதும் நான் உன் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. யாழினி உன் இடுப்பில் இருக்கிறாளா என்றுதான் பார்ப்பேன்.

அம்மா